கடையை விற்றுவிட்டால் போட்டி மிஞ்சுமா? சூப்பர் மார்க்கெட் இணைப்புக்கு முன் உள்ள நான்கு வழிகள்

"579 கடைகளை விற்றுவிடுகிறோம் என்று சொன்ன பிறகும் ஏன் தடுத்தார்கள்?" அமெரிக்காவின் குரோகர், ஆல்பர்ட்சன்ஸ் இணைப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். 579 கடை என்பது சில நாடுகளில் ஒரு முழுக் கடைச் சங்கிலிக்கே இருக்காத எண்ணிக்கை.

விவரம் இது. சின்சினாட்டியில் தலைமையகம் வைத்திருக்கும் குரோகர், ஐடஹோ மாநிலத்தின் பாய்சியில் இருந்து இயங்கும் ஆல்பர்ட்சன்ஸை வாங்கப்போவதாக 2022 அக்டோபர் 14 அன்று அறிவித்தது. மதிப்பு 2,460 கோடி டாலர்; அதில் ஆல்பர்ட்சன்ஸின் சுமார் 470 கோடி டாலர் கடனும் அடக்கம். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 5,000 கடைகள், 7 லட்சம் ஊழியர்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் (எஃப்.டி.சி.) 2024 பிப்ரவரி 26 அன்று வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் ஃபெடரல் நீதிபதி ஏட்ரியன் நெல்சன் இணைப்புக்கு இடைக்காலத் தடை போட்டார். அன்றைக்கே சியாட்டிலில் வாஷிங்டன் மாநில நீதிபதி மார்ஷல் ஃபெர்கூசனும் தடுத்தார். மறுநாள் ஆல்பர்ட்சன்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு குரோகர் மீதே வழக்குப் போட்டது.

இப்படி ஓர் இணைப்பு வரும்போது ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: அப்படியே விடுவது, விலைக் குறைப்பு போன்ற வாக்குறுதிகளை வாங்கிக்கொண்டு விடுவது, சில கடைகளை விற்கச் சொல்லி விடுவது, தடுப்பது. போட்டிச் சட்டம் படிக்கும் மாணவர், தொழிற்சங்கத்தில் இருப்பவர், அந்தக் கடைகளுக்குச் சரக்குப் போடுபவர், பங்கு வைத்திருப்பவர் என்று யாராக இருந்தாலும் இந்த நான்கில் ஒன்றின் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கும். எது எப்போது பொருந்தும், எதில் என்ன மறைந்து நிற்கும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் அளவுகோல்கள்

*தூரம்.* மளிகைப் போட்டி நாடு தழுவியது அல்ல, தெரு சார்ந்தது. பால் வாங்க யாரும் நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டுவதில்லை. அதனால் ஆணையங்கள் ஒவ்வொரு கடையைச் சுற்றியும் சில நிமிட வண்டிப் பயணத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுகின்றன. "நாடு முழுவதும் எங்கள் பங்கு பத்து சதவீதம்தானே" என்ற வாதம் இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான். பிரிட்டனில் செயின்ஸ்பரிஸ், ஆஸ்டா இணைப்பை 2019 ஏப்ரலில் தடுத்தபோது, போட்டி கணிசமாகக் குறையும் என்று அந்நாட்டுப் போட்டி ஆணையமான சி.எம்.ஏ. கண்ட உள்ளூர்ப் பகுதிகள் மட்டும் 537.

*யார் போட்டியாளர்?* வழக்குகளில் அடிதடி நடப்பது பெரும்பாலும் இங்கேதான். வால்மார்ட், காஸ்ட்கோ, அமேசான், ஆல்டி எல்லோரும் எங்கள் போட்டியாளர்கள் என்று நிறுவனங்கள் சொல்லும். வட்டத்துக்குள் ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துத் தெரியும் அல்லவா. வாரச் சாமான் முழுவதையும் ஒரே இடத்தில் வாங்கி முடிக்கும் கடைதான் சந்தை என்று ஆணையம் சொல்லும்.

*செறிவு எண்.* ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு, சுருக்கமாக ஹெச்.ஹெச்.ஐ. ஒவ்வொரு கடையின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். ஐந்து கடைகள், பங்குகள் 30, 25, 20, 15, 10. கணக்கு: 900 + 625 + 400 + 225 + 100 = 2,250. இதில் 25-ம் 20-ம் சேர்ந்தால் 45 ஆகிறது. அதன் வர்க்கம் 2,025. முன்பு இருந்ததோ 1,025. ஆக 1,000 கூடி 3,250. அமெரிக்காவின் 2023 வழிகாட்டு நெறிப்படி, இணைப்புக்குப் பின் எண் 1,800-ஐத் தாண்டி, உயர்வும் 100-க்கு மேல் இருந்தால் போட்டிக்குக் கேடு என்றே முதலில் கொள்ளப்படும்; அப்படி இல்லை என்று நிறுவனம்தான் நிறுவ வேண்டும். 2010 நெறியில் இந்த எல்லைகள் 2,500, 200 என்று தளர்வாக இருந்தன.

*விலையேற்ற அழுத்தம்.* பங்கு மட்டும் போதாது. இரண்டு கடையும் ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு நெருக்கமான மாற்று என்பதும் வேண்டும். ஒரு கடையில் விலை ஏறியதால் விலகும் 100 பேரில் 15 பேர் இணையப்போகும் மற்ற கடைக்குப் போவார்கள், அங்கே கொள்முதல் விலை போக மிஞ்சும் மொத்த லாப விகிதம் 20 சதவீதம் என்றால், 15% × 20% = 3%. விலகிப்போன விற்பனைத் தொகையில் இவ்வளவு, லாபமாக அதே முதலாளியின் கல்லாவுக்கே திரும்பி வரும் என்று இதற்குப் பொருள். செயின்ஸ்பரிஸ் வழக்கில் கடை விற்பனைக்குச் சி.எம்.ஏ. வைத்த எல்லை 2.75%. நிறுவனங்கள் இது மிகக் கடுமை என்று கூச்சலிட்டன. ஆனால் எல்லாச் செலவும் போக நிகர லாபம் விற்பனையில் இரண்டு மூன்று சதவீதத்தில் நிற்கும் தொழிலில், 3% விலையேற்ற அழுத்தம் சின்ன விஷயம் அல்ல.

*சப்ளையரும் ஊழியரும்.* வாடிக்கையாளரின் பையை மட்டும் பார்த்துவிட்டுப் போவது பழைய வழக்கம். நியூசிலாந்தில் ஃபுட்ஸ்டஃப்ஸ் வடக்குத் தீவுக் கூட்டுறவும் தெற்குத் தீவுக் கூட்டுறவும் இணையக் கேட்டன. ஒன்றின் கடைகள் ஒரு தீவில், மற்றதன் கடைகள் அடுத்த தீவில். எந்த ஊரிலும் எதிரெதிரே கடை கிடையாது. இருந்தும் 2024 அக்டோபர் 1 அன்று அந்நாட்டு வணிக ஆணையம் மறுத்தது. சரக்குப் போடுபவருக்கு அதுவரை மூன்று பெரிய கொள்முதல்காரர்கள் இருந்தார்கள். இனி இரண்டு பேர்தான் என்பது முக்கியக் காரணம். குரோகர் வழக்கில் எஃப்.டி.சி. ஊழியர் பக்கத்தையும் எடுத்தது. 2022 ஜனவரியில் கொலராடோவில் குரோகரின் கிங் சூப்பர்ஸ் கடை ஊழியர்கள் சுமார் 8,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, வாடிக்கையாளர் போய் வாங்க எதிரே சேஃப்வே இருந்தது. அது ஆல்பர்ட்சன்ஸ் கடை. ஊழியர் பேரம் பேசும் பலமே அந்த எதிர்க்கடைதான். இரண்டும் ஒரே முதலாளி என்றால் வேலைநிறுத்தத்தால் யாருக்கு நஷ்டம்?

*திரும்ப முடியுமா?* தீர்ப்பு தவறு என்று பிறகு தெரிந்தால் பழையபடி ஆக்க முடியுமா என்பது கடைசி அளவுகோல். மளிகையில் பெரும்பாலும் முடியாது.

வழி 1: அப்படியே விடுவது

இரண்டு சங்கிலிகளும் வேறு வேறு ஊர்களில் இருந்தால், வாங்குபவர் அந்தத் தொழிலுக்குப் புதியவர் என்றால், இதுதான் சரி. அமேசான் 2017-இல் ஹோல் ஃபுட்ஸை 1,370 கோடி டாலருக்கு வாங்கியபோது எஃப்.டி.சி. நிபந்தனை ஏதும் இல்லாமல் விட்டது. அமேசானுக்கு அப்போது சொல்லிக்கொள்ளும்படி மளிகைக் கடைகளே இல்லை. வட்டம் போட்டால் உள்ளே மோதுவதற்கு ஆள் இல்லை.

மறைந்து நிற்கும் செலவு என்ன? "இப்போது விடுவோம், கெட்டுப்போனால் பிறகு பார்ப்போம்" என்ற எண்ணம்தான். 2007-இல் ஹோல் ஃபுட்ஸ், வைல்டு ஓட்ஸை வாங்கியதை எஃப்.டி.சி. எதிர்த்தது, கீழ் நீதிமன்றம் தடுக்க மறுத்தது, இணைப்பு முடிந்துவிட்டது. 2008-இல் மேல் நீதிமன்றம் எஃப்.டி.சி. பக்கம் திரும்பியது. 2009-இல் 32 கடைகளை விற்க உடன்பாடு ஆனபோது, அவற்றில் பல ஏற்கெனவே மூடிக் கிடந்தன. புளியைக் கரைத்த பிறகு உருண்டையைத் திரும்பக் கேட்ட கதை.

இன்னொரு செலவு வாங்கியவருக்கே வருவது. பிரிட்டனில் மாரிசன்ஸ் 2004-இல் தன்னைவிடப் பெரிய சேஃப்வேயை வாங்கியது. (அமெரிக்கச் சேஃப்வேயிலிருந்து பிரிந்து எப்போதோ தனியாகிவிட்ட கடை அது.) இரண்டு கணினி அமைப்பு, இரண்டு கிடங்கு வலை, இரண்டு விதமான வாடிக்கையாளர். அடுத்தடுத்து லாப எச்சரிக்கைகள். 2006 ஜனவரியில் முடிந்த ஆண்டில் அந்த நிறுவன வரலாற்றிலேயே முதல் நஷ்டம். இணைப்பால் மிச்சமாகும் என்று அறிக்கையில் போடும் தொகையைப் படிக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

வழி 2: வாக்குறுதி வாங்கிக்கொண்டு விடுவது

குரோகர் முதலில் 50 கோடி டாலர் விலைக் குறைப்பு என்றது; பிறகு அதை 100 கோடி ஆக்கியது. செயின்ஸ்பரிஸும் ஆஸ்டாவும் மூன்றாம் ஆண்டுக்குள் வருடத்துக்கு 100 கோடி பவுண்டு குறைப்பதாகச் சொன்னார்கள். கேட்க இனிக்கும். கண்காணிக்கத்தான் வழியில்லை.

ஒரு சராசரி அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் சுமார் 30,000 வகைப் பொருள் இருக்கும். அதில் வாடிக்கையாளர் விலையை மனப்பாடமாக வைத்திருப்பது பால், முட்டை, வாழைப்பழம், ரொட்டி போன்ற இருநூறு முந்நூறுதான். அவற்றில் குறைத்துவிட்டு, யாரும் விலை நினைவில் வைக்காத மசாலா, பல் துலக்கி, ஷாம்பூ வகையில் ஏற்றினால் "விலையைக் குறைத்தோம்" என்பதும் உண்மை, கூடை மொத்தம் ஏறியதும் உண்மை. பாக்கெட் எடையைக் குறைப்பது, கடையின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் குறைந்த விலை காட்டுவது என்று வேறு வழிகளும் உண்டு. எந்தத் தேதி விலையிலிருந்து குறைப்பு? பணவீக்கம் 6 சதவீதம் இருந்த ஆண்டில் 4 சதவீதம் ஏற்றினால் அது குறைப்பா? ஒப்பந்தத்தில் எழுதி நீதிமன்றத்தில் நிரூபிக்கிற காரியம் இல்லை இது.

போர்ட்லண்டு விசாரணையில் வெளிவந்த ஓர் உள் மின்னஞ்சல் இதைப் பளிச்சென்று காட்டியது. பால், முட்டை இரண்டிலும் கொள்முதல் விலை ஏறியதைவிட விற்பனை விலை நன்றாகவே கூடுதலாக ஏறியிருக்கிறது என்று குரோகரின் விலை நிர்ணயப் பிரிவு அதிகாரியே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். எல்லோரும் உற்றுப் பார்க்கும் இரண்டு பொருளிலேயே, எதிர்க்கடை இருக்கும்போதே, நிலைமை அது.

இந்த வழி கொஞ்சமாவது வேலை செய்வது, அளக்க ஒரே ஓர் எண் இருக்கும் இடத்தில். பெட்ரோல் லாபத்தை ஐந்து ஆண்டுக்கு லிட்டருக்கு 3.5 பென்ஸுக்கு மேல் போக விடமாட்டோம் என்று செயின்ஸ்பரிஸ் சொன்னது அந்த வகை: ஒரு பொருள், ஒரு எண், தினமும் வெளியில் தெரியும் விலை. மளிகைக்கு அப்படி ஓர் எண் இல்லை. நம் கணிப்பில் நான்கு வழிகளில் மிக பலவீனமானது இதுவே.

வழி 3: சில கடைகளை விற்கச் சொல்வது

ஆணையங்களுக்கு மிகவும் பிடித்த வழி; தோற்றால் மிகப் பலமாகத் தோற்பதும் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

காகிதத்தில் இது அழகு. மேலே பார்த்த கற்பனை ஊரில் 25-ம் 20-ம் இணையும்போது, 20 பங்குள்ள கடையைப் புதியவர் ஒருவருக்கு விற்கச் சொன்னால் பங்குகள் பழையபடி 30, 25, 20, 15, 10. ஹெச்.ஹெச்.ஐ. அதே 2,250. சிக்கல் தீர்ந்தது.

வாங்கியவர் சோடை போனால்? அவர் பங்கு 20-லிருந்து 8-க்கு இறங்கி, விலகிய 12 மற்றவர்களுக்கு 4, 6, 1, 1 என்று பிரிந்தால் நிலை 34, 31, 16, 11, 8 ஆகும், எண் 2,558. கடையை மூடியே விட்டால், போன 20 பங்கு 7, 9, 2, 2 என்று பிரிந்தால் 37, 34, 17, 12, எண் 2,958. மூடிய கடையின் வாடிக்கையாளர்களில் மற்ற எவரிடமும் சேர்வதைவிட அதிகம் பேர் போய்ச் சேர்வது அந்தக் கடையை விற்றவரிடமே என்பதைக் கவனியுங்கள். விற்ற விலையும் அவருக்கு, வாடிக்கையாளரும் அவருக்கு.

இது வெறும் கணக்கு இல்லை, நடந்தது. ஆல்பர்ட்சன்ஸ் 2015 ஜனவரியில் அமெரிக்கச் சேஃப்வேயை வாங்கியபோது 168 கடைகளை விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதில் 146 கடைகளை வாங்கியது ஹேகன். வாஷிங்டன் மாநிலம் பெல்லிங்ஹாமில் இருந்த அந்தக் குடும்பச் சங்கிலிக்கு அப்போது 18 கடைகள்தான். ஒரே மூச்சில் 164. இரண்டு மாநிலத்திலிருந்து ஐந்து மாநிலம். 2015 செப்டம்பர் 8 அன்று திவால் மனு. விலைப் பட்டியல், சரக்கு இருப்பு விவரங்களில் ஆல்பர்ட்சன்ஸ் தங்களைத் தவறாக வழிநடத்தியது என்று 100 கோடி டாலர் கேட்டு ஹேகன் வழக்கும் போட்டது; அது பிறகு சிறு தொகைக்குச் சமரசம் ஆனது. மிஞ்சிய நல்ல கடைகளில் 29-ஐ, பெயரோடு சேர்த்து, 2016-இல் வாங்கியவர் யார் தெரியுமா? ஆல்பர்ட்சன்ஸ்.

அடுத்த ஆண்டே இதே வழி ஒழுங்காக நடந்தது. அஹோல்டும் டெலேசும் 2016-இல் இணைந்தபோது 81 கடைகளை விற்கச் சொன்னது எஃப்.டி.சி. வாங்கியவர் ஒருவர் அல்ல. வைஸ், பப்ளிக்ஸ், பிக் ஒய் போன்ற பல சங்கிலிகள். ஒவ்வொன்றுக்கும் அந்த வட்டாரத்திலோ பக்கத்திலோ கிடங்கும் லாரியும் இருந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் எட்டுப் பத்துக் கடையைக் கூடுதலாக ஏற்றுவது ஒன்று. இல்லாத வண்டியைச் செய்துகொண்டே ஓட்டுவது வேறு. மாரிசன்ஸ் 2004-இல் விற்க நேர்ந்த 52 கடைகளிலும், மற்ற விற்பனைகளிலும் வெயிட்ரோஸ் போன்ற நிலைத்த கடைக்காரர்கள் வாங்கியதால் பெரிதாகச் சேதம் இல்லை.

விற்ற கடையில் முதல் வாரம் என்ன நடக்கும் என்று பாருங்கள். வழக்கமாக வரும் அம்மா வியாழக்கிழமை வருகிறார். பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. பழைய கடையின் அட்டையைக் கல்லாவில் நீட்டினால் வேலை செய்யவில்லை. சேர்த்து வைத்த புள்ளிகள் போயின. வாராவாரம் வாங்கும் தயிர் பழைய முதலாளியின் சொந்தப் பிராண்டு. இப்போது அந்த இடத்தில் அரை டாலர் கூடுதல் விலையில் வேறொன்று. அலமாரிச் சீட்டில் 3.49, கல்லாவில் அடித்தால் 3.99, ஏனென்றால் புதிய கணினிக்குள் ஏற்றிய விலைக் கோப்பில் பாதிப் பொருளுக்குச் சலுகை விலை விழவில்லை. மூன்றாவது வாரம் அவர் தெரு தாண்டிப் போய்விடுவார். போனவர் திரும்புவது அரிது. புதிய பொருள் விற்காததால் கீரையும் இறைச்சியும் குப்பைக்குப் போகும், குப்பையைக் குறைக்க ஆர்டரைக் குறைப்பார்கள், அலமாரி வெறிச்சோடும், இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள். இந்தச் சுழலுக்குள் மாட்டினால் ஆறு மாதம்தான்.

ஆகவே எத்தனை கடை விற்கிறார்கள் என்பதைவிடக் கடையோடு கூட என்ன வருகிறது என்பதே கேள்வி:

- கிடங்கு: காய்கறி, பால், இறைச்சி தினமும் வர வேண்டும். கிடங்கு யாருடையது, எவ்வளவு தூரம், விற்றவருடைய கிடங்கிலிருந்தே வாங்க வேண்டுமா?
- கணினி: விலைக் கோப்பு, ஆர்டர் மென்பொருள், கல்லா. விற்றவரின் அமைப்பையே தற்காலிகமாக வாடகைக்கு எடுத்தால், போட்டியாளரின் கையில் நம் தினசரி விற்பனை விவரம் இருக்கும்.
- சொந்தப் பிராண்டு: நிரந்தரமாகவா, ஓரிரு ஆண்டுக்கா?
- பெயர்ப் பலகையும் அட்டைத் தரவும்.
- மருந்துக்கடை: மருந்துச் சீட்டுக் கோப்புகள் வந்தால்தான் மாதாமாதம் வரும் முதியவர்கள் வருவார்கள், வரும்போதுதான் சாமானும் வாங்குவார்கள்.
- ஆட்கள்: கடை மேலாளர் வருவார். விலை போடும், கொள்முதல் பேசும் தலைமையகக் குழு வருமா?

இந்தப் பட்டியலை வைத்து 579 கடைகளைப் பாருங்கள். வாங்க வந்தது சி அண்ட் எஸ், நியூ ஹாம்ப்ஷயரின் மொத்த வியாபார நிறுவனம். மொத்த வியாபாரத்தில் ஜாம்பவான். சில்லறையில் கையில் இருந்தவை 23 கடைகள். 2023 செப்டம்பரில் 413 கடைகளுக்கு 190 கோடி டாலர் என்று தொடங்கி, 2024 ஏப்ரலில் 579 கடைகளுக்கு 290 கோடி என்று உயர்த்தினார்கள். கிடங்குகள் சேர்ந்தன, ஒரு பால் பண்டத் தொழிற்சாலை சேர்ந்தது, ஆல்பர்ட்சன்ஸின் சொந்தப் பிராண்டுகளைக் குறிப்பிட்ட காலம் பயன்படுத்தும் உரிமையும் சேர்ந்தது. ஹேகனைவிட நல்ல பொட்டலம்தான். ஆனால் கடைகள் வெவ்வேறு சங்கிலிகளிலிருந்து பொறுக்கி எடுத்தவை, 18 மாநிலங்களில் சிதறியவை, பலவற்றுக்குப் பெயர் மாற வேண்டும், கணினியைப் பல காலம் குரோகரிடமிருந்தே வாங்க வேண்டும். நீதிபதி நெல்சன் ஏற்காததில் வியப்பில்லை.

விலையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 290 கோடியை 579-ஆல் வகுத்தால் கடைக்குச் சுமார் 50 லட்சம் டாலர். குரோகர் ஆல்பர்ட்சன்ஸுக்குக் கொடுக்க இருந்ததோ, சுமார் 2,270 கடைக்கு 2,460 கோடி; கடைக்கு 1 கோடிக்கு மேல். தோராயக் கணக்குதான், இரண்டிலும் அடங்குவது வேறு. என்றாலும் பாதி விலைக்குக் கிடைத்த கடை ஓடாவிட்டால், இடத்தை விற்றே போட்டதை எடுத்துவிடலாம் என்ற எண்ணம் வாங்கியவருக்கு வர இடமுண்டு. அந்தப் பட்டியலில் கடைகளோடு கைமாற இருந்த பெயர்களில் ஒன்று ஹேகன். 2015-இல் போட்டியைக் காப்பாற்ற வந்த பெயர், 2024-இல் காப்பாற்றப்பட வேண்டிய சரக்காக நின்றது.

வழி 4: தடுப்பது

எந்தக் கண்காணிப்பும் வேண்டாம், எந்த வாங்குபவரையும் நம்ப வேண்டாம். எதிர்க்கடை எதிர்க்கடையாகவே நிற்கும். இதுவே இதன் பலம்.

செலவில்லை என்று நினைக்கக் கூடாது. குரோகர் விவகாரம் 26 மாதம் இழுத்தது. அவ்வளவு காலமும் விற்கப்படலாம் என்ற பட்டியலில் இருந்த கடைகளில் புதிய குளிர்ப்பெட்டி வாங்க யார் கையெழுத்துப் போடுவார்கள்? நல்ல மேலாளர்கள் வேறிடம் பார்ப்பார்கள். இடையில் ஆல்பர்ட்சன்ஸ் பங்குக்கு 6.85 டாலர் வீதம் சுமார் 400 கோடி டாலரைச் சிறப்பு ஈவுத்தொகையாகப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தது. வாஷிங்டன் மாநிலம் நீதிமன்றம் போய் நிறுத்திப் பார்த்தது. 2023 ஜனவரியில் பணம் போய்விட்டது. இணைப்பு நடக்கவில்லை; கல்லா மட்டும் காலியானது.

தடுத்தவுடன் விலை இறங்கிவிடாது என்பதும் தெரிய வேண்டும். தீர்ப்பு வந்த மறுநாள் குரோகர் அறிவித்தது 750 கோடி டாலருக்குச் சொந்தப் பங்கை வாங்கும் திட்டம். விலைக் குறைப்புக்கு ஒதுக்குவதாகச் சொன்ன 100 கோடியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜூனில், அடுத்த 18 மாதத்தில் சுமார் 60 கடைகளை மூடப்போவதாகவும் சொன்னது. பிரிட்டனில் தடுத்த பிறகு ஆஸ்டா 2020-இல் 680 கோடி பவுண்டு மதிப்பில் பெருங்கடன் வைத்து வாங்கும் முதலீட்டாளர்களிடம் போனது.

நலிந்த கடை விஷயத்தில் இந்த வழி உதவாமலும் போகலாம். இந்தியாவில் ரிலையன்ஸ், ஃபியூச்சர் குழுமக் கடைகளை 24,713 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக 2020-இல் அறிவித்தது. போட்டி ஆணையம் அனுமதித்தும், அமேசானுடனான வழக்குகளில் அது மாட்டிக்கொண்டது. 2022 ஏப்ரலில் கடன் கொடுத்தவர்கள் நிராகரித்தார்கள். அதற்குள் வாடகை பாக்கியால் பல பிக் பஜார் கடைகளின் குத்தகை ரிலையன்ஸ் கைக்கு வந்திருந்தது. ஒப்பந்தம் நடக்கவில்லை, கடைகள் மாறிவிட்டன.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | அப்படியே விடுவது | வாக்குறுதி | கடை விற்பனை | தடுப்பது |
|---|---|---|---|---|
| உள்ளூர்ப் போட்டி | ஒரே ஊரில் கடை இல்லையென்றால் பாதிப்பில்லை | எதிர்க்கடை போய்விடும் | வாங்குபவரைப் பொறுத்தது | அப்படியே இருக்கும் |
| சப்ளையர் பேரம் | குறையும் | குறையும் | விற்ற கடை சிதறினால் குறையும் | மாறாது |
| ஊழியர் பேரம் | ஒரே ஊரில் என்றால் குறையும் | எழுத்தில் இருந்தால் சில ஆண்டு | புது முதலாளியின் ஆயுள் வரை | மாறாது |
| கண்காணிப்பு | தேவையில்லை | பல ஆண்டு, அளக்க முடியாதது | முதல் இரண்டு ஆண்டு கடுமையாக | தேவையில்லை |
| தவறினால் | மீட்க முடியாது | மீட்க முடியாது | கடை விற்றவரிடமே திரும்பும் | அடுத்த இணைப்பு வரும் |
| மறைவுச் செலவு | இணைப்புக் குழப்பம் | கூடையின் மற்ற பொருள்களில் ஏற்றம் | கிடங்கும் கணினியும் இல்லாத கடை | நீண்ட முடக்கம், பங்குதாரருக்குப் போகும் பணம் |

எந்த நிலைமைக்கு எது

இரண்டு சங்கிலிகளும் ஒரே ஊரில் மோதுவது பத்து இருபது இடத்தில் மட்டும் என்றால் விற்பனை நிபந்தனை போதும். ஆனால் வாங்குபவர் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே லாரி ஓட்டுபவராக இருக்க வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் வாங்குவதைவிட நான்கைந்து பேர் பிரித்து வாங்குவது மேல். விற்ற கடைகளை இத்தனை ஆண்டுக்குள் விற்றவரே திரும்ப வாங்கக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

மோதும் இடங்கள் நூற்றுக்கணக்கில் போனால், அத்தனை கடையை வாங்கத் தகுதியுள்ளவர் பெரும்பாலும் இன்னொரு பெரிய சங்கிலியாகத்தான் இருப்பார். அவருக்கு விற்றால் அதே சிக்கல் வேறு பெயரில் வரும். சிறியவருக்கு விற்றால் ஹேகன். நடுவில் ஆள் இல்லாத இந்த நிலைமையில் தடுப்பதைத் தவிர வேறு வழி நமக்குத் தெரியவில்லை. குரோகர் வழக்கு இந்த வகை.

வாங்கப்படும் சங்கிலி உண்மையிலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தால் விடுவதே நல்லது. அந்த வாதத்தைச் சோதிக்கும் முறை எளிது: கடந்த மூன்று ஆண்டில் ஈவுத்தொகை கொடுத்ததா, புதிய கடை திறந்ததா, வேறு யாரிடமாவது விற்கக் கேட்டுப் பார்த்ததா? சாகக் கிடக்கிறேன் என்று சொல்லும் நிறுவனம் 400 கோடி டாலரைப் பங்குதாரருக்குக் கொடுக்காது.

சின்ன ஊர், இரண்டே கடை, இரண்டும் இணைகின்றன என்றால் கணக்கே வேண்டாம். பங்கு 60, 40 என்று வையுங்கள்: 3,600 + 1,600 = 5,200 இருந்த எண் 10,000 ஆகும். அதற்கு மேல் அந்தக் குறியீட்டில் எண் கிடையாது.